கதவை ஏன் அடைத்தாள்?

கழிகள் கழன்று வீழ்ந்த பழஞ்சுவர். கரையான் அரித்த புழுதியிலே காளான் பூத்திருக்கிறது. சமையற்கட்டுதான் அது, ஆனால் சமைத்ததன் சுவடே இல்லை! அண்மையில் குட்டி ஈன்ற நாயொன்று அங்கே கிடக்கிறது. கண் திறவாக் குட்டிகள் பால் தேடி முட்டுகின்றன. பாலில்லை, நோவு தாளாமல் தாய் குரைக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய அந்த வீட்டுப் பெண், குப்பையிலே முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பும் இன்றி வேக வைக்கிறாள். உண்பதற்கு முன் எழுந்து சென்று, வாயிற்கதவை அடைக்கிறாள்! அதன் பிறகே சுற்றத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்கின்றனர்.

கதவை ஏன் அடைத்தாள்? கள்வருக்கு அஞ்சியா? களவாட அங்கே என்ன இருக்கிறது! வறுமை இன்னதென்று அறியாதோர் கண்டுவிடுவரே என்ற நாணம். பசியினும் கொடிதாக அவளைச் சுட்டது அந்த நாணம்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை காட்டும் காட்சி இது. பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பாடப்பெற்றவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனது கிடங்கில் எங்கோ தொலைவில் இல்லை; திண்டிவனத்தோடு ஒன்றிக் கிடக்கும் கிடங்கல்தான் அது. பாணன் அவனிடம் சென்றான். யானையும் தேரும் பெற்று மீண்டான். பசி தீர்ந்தது. ஆனால் அடுத்த பாணன்? அவனும் நடக்க வேண்டும். அவனும் பாட வேண்டும். அரசன் மனம் அன்றும் இளகியிருக்க வேண்டும்! இலக்கியத்தில் இரக்கத்தின் இடம் யாது என்று ஆராய்வோர், அடைத்த அந்தக் கதவின் அருகே சற்று நிற்றல் வேண்டும்.

இரக்கத்தைப் பற்றி மேலை நாட்டு அறிஞர்கள் இருவர் எதிரெதிராக நின்று வாதிட்டனர். சோப்பன்ஹவர், ஒழுக்கத்திற்கெல்லாம் அடிப்படை இரக்கமே என்றார். பிறன் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்வதினின்றே அறம் பிறக்கிறது என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் வந்த நீட்சே அதனை மறுத்தார். இரக்கம் வலிமையைக் குன்றச் செய்வது. இரக்கத்திற்கு ஆளாகிறவனை நாணச் செய்வது என்றார். நீட்சேயின் முடிவு நமக்கு உடன்பாடன்று. வலியோனைப் போற்றும் தத்துவம் மெலியோனுக்கு என்ன வழி கூறும்? எனினும், நாணச் செய்கிறது என்று அவர் சொன்னாரே, அதனைத் தள்ளிவிட முடியுமா? கிடங்கில் நாட்டுப் பாட்டிலே கதவடைத்த கை அதற்குச் சான்று பகர்கிறதே!

அதே சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரைப் போற்றுகிறது. அவருள் ஒருவன் காரி. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குடியினன். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலும், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருக்கிறது அவ்வூர். வாரி வழங்கிய அக்குடியின் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது? புறநானூற்றின் 46ஆம் பாடல் கூறும்.

சோழன் கிள்ளிவளவன் மலையமான் மக்களைப் பிடித்து வரச் செய்தான். யானையின் காலில் இட்டுக் கொல்ல ஆணையிட்டான். பச்சிளஞ் சிறார்! யானையைக் கண்டதும் அழுகையை மறந்து வியந்து பார்க்கின்றனர். கூடியிருந்த கூட்டத்தைக் கண்டதும் மருள்கின்றனர். கொல்ல வந்தது எது, கொல்வது ஏன், ஒன்றும் அறியாத பருவம். தகாத துன்பம் ஒருவனுக்கு வரக் காணும்போது எழுவதே இரக்கம் என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் வகுத்தார். அவர் சொன்ன இலக்கணத்திற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா?

அவையிலே எத்தனையோ பேர் இருந்திருப்பர். கோவூர்கிழார் என்ற புலவர் எழுந்தார். புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ. புலவரின் வறுமை கண்டு பகுத்துண்டவர் வழிவந்தவர் இவர். நான் சொன்னேன், இனி நீ விரும்பியதைச் செய் என்று முடித்தார். சிறார் பிழைத்தனர். காவலன் முன்னே, கொலைக்களத்திலே, உரிய நேரத்திலே வாய் திறந்த இரக்கம் அது! கண்ணீரோடு நின்றுவிடாமல் கொடுமையின் குறுக்கே சென்று நின்ற இரக்கம்!

அப்பாடலைக் கொண்ட புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சேற்றினார். பள்ளிகளில் படித்தோம், மேடைகளில் முழங்கினோம். 84 ஆண்டுகள் கழிந்தன. 1978 சூலைத் திங்களில், விழுப்புரம் நகரிலே, சாதி வெறிக்குத் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் பலியாயினர். அந்தோ! அன்று கோவூர்கிழார் எங்கே போனார்? ஏட்டிலே இருந்தார்! பாட்டுக்கு உருகும் உள்ளம், பக்கத்துத் தெருவின் ஓலத்திற்குச் செவி அடைத்துக்கொள்ளுமானால், அந்த உருக்கத்தை இரக்கம் என்று அழைக்கலாமா? சாதி கேட்டுச் சுரக்கும் இரக்கம், இரக்கமே அன்று.

இதை உணர்ந்த ஒருவர் பழைய தென்னார்க்காட்டு மண்ணிலேயே தோன்றினார். 1823இல் மருதூரிற் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி கேளாமல், சமயம் கேளாமல், பசியொன்றையே தகுதியாகக் கொண்டு சோறிட்டார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவருடைய சமயக் கருத்துகளில் நாம் வேறுபடலாம். பசித்தவனிடம் குலம் கேட்காத அந்த அடுப்பை மறுப்பவர் யார்?

எனினும், அறச்சாலை மட்டும் போதுமா? இரந்துதான் உயிர் வாழவேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று கடிந்தவர் வள்ளுவர். ஈகையைப் புகழ்ந்த அவரே இரத்தலின் இழிவையும் உணர்ந்திருந்தார். இரப்பவன் இல்லாத நிலை வரவேண்டுமெனில், கொடுப்பவனின் மனத்தை நம்பியிராமல் பெறுபவனின் உரிமையை நாட்டியாக வேண்டும்.

அந்தப் பாதையிலே தமிழகம் சில அடிகள் நடந்திருக்கிறது. 1920இல், தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு நாடெங்கும் பரவத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவும் தொடங்கப்பட்டது. வள்ளலின் வாயிலைத் தேடிப் பாணன் நடந்தான் அன்று. பிள்ளை இருக்குமிடம் தேடிச் சோறு வந்தது பின்பு. யாரையும் பாட வேண்டியதில்லை. யார் முன்னும் குனிய வேண்டியதில்லை.

ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் இதன் பொருளை நாளும் காண்கிறோம். மணி அடிக்கிறது. தட்டோடு வருகின்றனர் பிள்ளைகள், வரிசையில் அமர்கின்றனர், அருகிருப்பவனோடு பேசிச் சிரித்து உண்கின்றனர். கதவுகள் திறந்தே இருக்கின்றன! ஆயினும், சமைத்தவரின் சாதி கேட்டுச் சோற்றை ஒதுக்கிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தன. சட்டம் திறந்த கதவைச் சாதி சாத்தப் பார்க்கிறது.

இளைஞர்களே! ஏட்டைப் படித்து உருகுவது எளிது. யானை நிற்கும் களத்தில் எழுந்து பேசுவதே அரிது. பேசினால் மட்டும் போதாது. அடுத்த நாள் அந்தக் களமே இல்லாதபடி செய்தாக வேண்டும். இரக்கம் விதை, உரிமை விளைச்சல். விதையைக் கையில் வைத்துக்கொண்டு விளைச்சல் கண்டுவிட்டதாக மகிழ்வது பேதைமை.

கிடங்கில் நாட்டுப் பாட்டிலே அந்தப் பெண் அடைத்த கதவு, எந்த வீட்டிலும் இனி அடைபடக் கூடாது. அதற்குரிய பணி நம்முடையது!