கூண்டு வண்டியும் தார்ப்பாயும்: காரையாருக்குப் போன நம்ம ஊர் கேரவன்

கேரவன்னு சொன்னதும் நம்மாளுகளுக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு உக்காந்திருக்கிற வண்டிதான் ஞாபகம் வரும் :-) வெள்ளைக்காரங்களுக்கு அது ஊர் சுத்துறதுக்கான வீடு. வண்டியை நிறுத்தினதும் பக்கவாட்டுல சுருட்டி வச்சிருக்கிற துணியை இழுத்து, ரெண்டு காலை ஊணி, அந்த நிழல்ல நாற்காலி போட்டு உக்காந்துடுவாங்க. அந்தத் துணிக்குப் பேரு ஆனிங். இது நமக்குப் புதுசுன்னு நினைச்சா தப்பு மக்கா. திருநெல்வேலிச் சீமையில தலைமுறை தலைமுறையா இருக்கிற சங்கதிதான், பேருதான் வேற.

கேரவன்ங்கிறது பாரசீகச் சொல். பாலைவனத்துல கூட்டமாப் போற வணிகர்களைக் குறிச்சது. அதோட வாலை மட்டும் வெட்டி எடுத்து இங்கிலீஷ்காரன் 'வேன்' ஆக்கினான். நாம குற்றாலத்துக்கு வேன் பிடிச்சுப் போனாலும் கேரவன்லதான் போறோம்!

இன்னும் பின்னால போனா, சங்க இலக்கியத்துல பெரும்பாணாற்றுப்படை. அதுல உப்பு விக்கிற உமணர்களோட வண்டி ஒண்ணு வருது. பாட்டு காஞ்சிபுரம் பக்கத்துக்குப் போற வழியைச் சொல்றது, நம்ம நெல்லையை இல்ல. ஆனா வண்டியைப் பாருங்க. மேல ஆரை வேய்ஞ்ச கூரை. வாசல்ல கோழி அடையுறதுக்குக் கூடு. குட்டி உரல் ஒண்ணு தொங்குது. காடிப் பானையைக் கயித்தால கட்டி வச்சிருக்கு. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி மாட்டை ஓட்டுறா. கிச்சனோட சேர்ந்த மோட்டார் ஹோம், மோட்டார்தான் இல்ல. பொழுதுபோக்குக்குன்னே செஞ்ச முதல் கேரவன்னு சொல்றது, கார்டன் ஸ்டேபிள்ஸ்ங்கிற டாக்டர் 1885-ல இங்கிலாந்துல செய்ய வச்ச 'வாண்டரர்'. அதை இழுத்தது குதிரை.

இப்ப நம்ம தாமிரபரணிக்கு வருவோம். பாபநாசத்துக்கு மேல காரையார்ல, ஆத்தங்கரையிலேயே சொரிமுத்து அய்யனார் கோவில். சிங்கம்பட்டி ஜமீனோட சேர்த்தே பேசப்படுற கோவில். ஆடி அமாவாசைக்கு சனங்க குடும்பத்தோட போயி, குடில் போட்டு, நாள்கணக்குல தங்கி, கிடா வெட்டிப் பொங்கிச் சாப்பிட்டுத்தான் இறங்குவாங்க. பஸ் வரதுக்கு முன்னாடி கூண்டு வண்டிதான். வளைச்ச மூங்கில் மேல பாய், உள்ள வைக்கோல் மெத்தை, அடியில லாந்தர். போய்ச் சேர்ந்ததும் மாட்டை அவுத்துக் கட்டிட்டு, கூண்டு விளிம்புல இருந்து படுதாவை இழுத்து ரெண்டு கம்புல கட்டினா முடிஞ்சது. வண்டிக்குள்ள பொம்பளைங்களும் பிள்ளைங்களும், படுதாவுக்குக் கீழ ஆம்பளைங்களும் அடுப்பும்.

கட்டுறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அந்த மாசம் காத்தும் சாரலும் மேக்க இருந்துதான் வரும். அதனால மேக்குப் பக்கம் தாழ்வா, கிழக்குப் பக்கம் திறப்பா கட்டணும். சரிவு இல்லேன்னா தண்ணி தேங்கி, நடுவுல தொப்பை விழுந்து, துணி கிழியும். ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்குற ஆனிங்குக்கும் இதே விதிதான்: மழைன்னா ஒரு காலை இறக்கி வை, காத்துன்னா சுருட்டி வை.

சொல்லுல ஒரு அழகு இருக்கு. ஆனிங் முதல்ல கப்பல் மேல்தளத்துக்கு நிழலாக் கட்டின துணி. பாய்மரத் துணியே அதுக்கும் ஆச்சு. தமிழ்லயும் படுக்கிறதும் பாய், கப்பல்ல கட்டுறதும் பாய். அப்புறம் தார் பூசின துணி 'டார்பாலின்'னு வந்தப்போ நம்ம சனங்க யோசிக்கவே இல்ல, தார்ப்பாய்னு கூப்பிட்டாங்க. ஆத்தங்கரைக் கோரையில பாய் நெய்யுற பத்தமடை இருக்கிற ஊராச்சே!

வம்பு வந்தது அதுக்கப்புறம்தான். ஓலையும் பாயும் விட்டுட்டு வந்தாலும் மக்கிப் போகும். இன்னைக்கு தார்ப்பாய்னு கடையில கொடுக்கிறது பெரும்பாலும் பிளாஸ்டிக். வெயில்ல நார் நாராப் பிஞ்சு ஆத்தோட போகும். அந்த ஆறுதான் கீழ நாலு மாவட்டத்து ஆளுக குடிக்கிற தண்ணி. அந்தக் காலமும் ஒண்ணும் பொற்காலம் இல்ல. அத்தனை குடிலுக்கும் கம்பும் விறகும் காட்டுல இருந்துதான் வந்திருக்கும்.

முண்டந்துறை 1962-ல சரணாலயம் ஆச்சு. 1988-ல களக்காட்டோட சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆச்சு. அதுல இருந்து எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி மேல போகலாம்னு ஒவ்வொரு கட்டுப்பாடா வருது. சனங்களுக்குக் கோவம், 'எங்க சாமிகிட்ட நாங்க தங்க உங்க அனுமதி எதுக்கு'ன்னு. கோவத்துல நியாயம் இருக்கு. வனத்துறை பக்கமும் நியாயம் இருக்கு.

என் கட்சி இதுதான். குடில் போடுற வழக்கம் போகக் கூடாது. அது இருக்கணும்னா கம்பு வீட்டுல இருந்து வரணும், படுதா கெட்டி காடாத் துணியோ கான்வாஸோ இருக்கணும், ஒரு கயிறு கூட விடாம சுருட்டிட்டு வரணும். வெள்ளைக்காரன் ஆனிங்ல நாம கத்துக்க வேண்டியது அந்தச் சுருட்டுற பழக்கம்தான். விரிக்கிறது நமக்கு ஏற்கனவே தெரியும்.

உங்க ஊர்த் திருவிழாவுல வண்டி கட்டிப் போய்த் தங்குற வழக்கம் இருந்துச்சா? நிழலுக்கு என்ன கட்டினாங்க? வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டு எழுதுங்க அண்ணாச்சிமாரே.