தன்வெளியீட்டுச் சித்திரக்கதை

பதிப்பகத்தின் துணையின்றி, படைப்பவரே எழுதி, வரைந்து, இணையத்தில் வெளியிடும் படக்கதை. ஜப்பானில் ‘ஒன்’ என்ற புனைபெயர்க்காரர் 2009இல் தொடங்கிய ‘ஒன் பஞ்ச் மேன்’ இதற்குச் சிறந்த சான்று. கோடுகள் முதிராதவை, கதையின் வலுவே வாசகரைச் சேர்த்தது. 2012இல் ஓவியர் யூசுகே முராட்டா அதை மறுபடி வரையத் தொடங்கினார்.

பொழுதுபோக்காக வரைபவர் நெடுந்தொடரில் இறங்குவதைவிட, எட்டுப் பக்கத்தில் முடியும் கதையில் தொடங்குவதே நல்லது. முதல் வேலை, பக்க அமைப்பைச் சிறு கட்டங்களில் கிறுக்கிப் பார்ப்பது. எந்தக் காட்சி பெரிதாக வேண்டும், எங்கே பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் இங்கேதான் தீர்மானமாகின்றன. உரையாடலை வரைந்தபின் திணிக்கக் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பேச்சுக் குமிழுக்கு முதலிலேயே இடம் ஒதுக்காவிட்டால் முகங்கள் மறைந்துபோகும்.

வரைவதற்கு ‘கிரிட்டா’ என்ற கட்டற்ற மென்பொருளே போதும். பிரான்சின் டேவிட் ரெவோய் 2014 முதல் ‘பெப்பர் அண்ட் கேரட்’ தொடரை அதில்தான் வரைகிறார். அத்தொடரை எவரும் மொழிபெயர்க்கவும் மறுபதிப்புச் செய்யவும் உரிமை தந்திருக்கிறார். கைப்பேசி வாசகருக்கு மேலிருந்து கீழாக ஓடும் நீள்வடிவம் ஏற்றது. அச்சிடும் எண்ணமிருந்தால் தொடக்கத்திலேயே அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் வரைய வேண்டும். பின்னால் பெரிதாக்கினால் கோடுகள் மங்கும். முடிந்த பக்கங்களை எண்ணிட்டு ஜிப் கோப்பாக்கி, பின்னொட்டைச் ‘சிபிஇசட்’ என மாற்றினால் படக்கதைச் செயலிகளில் படிக்கலாம்.