சந்தாவும் மூலதனமும்: அமெரிக்கப் போர்விளையாட்டுச் சஞ்சிகைகளின் பொருளாதார அடிப்படை (1964–1982)

பொழுதுபோக்கு என்பது சந்தைக்கு அப்பாற்பட்ட தனிமனித ஈடுபாடு என்ற எண்ணம் பரவலாக நிலவுகின்றது. ஆயின், ஒரு பொழுதுபோக்கு தனக்கெனச் சஞ்சிகை ஒன்றைத் தோற்றுவித்ததும் காகித விலை, தபாற் கட்டணம், அச்சகக் கடன் ஆகியவற்றுக்கு உட்பட்டுவிடுகின்றது. அத்தகைய சஞ்சிகைக்கு முதல் இடுபவர் யார், நட்டத்தைச் சுமப்பவர் யார் என்னும் வினாக்களை ஐக்கிய அமெரிக்காவின் போர்விளையாட்டுச் சஞ்சிகைகளை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்விளையாட்டு என இங்கு குறிப்பிடப்படுவது, அறுகோணக் கட்டங்கள் இடப்பட்ட வரைபடத்தின் மீது படைப்பிரிவுகளைக் குறிக்கும் அட்டைக் காய்களை நகர்த்தி ஆடப்படும் பலகை விளையாட்டாகும். 1954இல் சார்ள்ஸ் றொபேட்ஸ் வெளியிட்ட ‘டக்டிக்ஸ்’ இதன் வணிக வடிவத்துக்கு வழிவகுத்தது. 1958இல் அவர் பால்டிமோர் நகரில் நிறுவிய அவலோன் ஹில் கம்பனி, 1960களின் தொடக்கத்தில் கடன்பட்டு, கடன்கொடுத்தோரில் ஒருவரான அச்சக நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. 1964இல் அக்கம்பனி ‘ஜெனரல்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கியது. கம்பனியின் விளையாட்டுக்களை விளக்குவதும், எதிராட்டக்காரரைத் தேடும் வாசகரின் அறிவித்தல்களைப் பிரசுரிப்பதும் அதன் பணிகளாயின. இருவர் கூடி ஆடவேண்டிய விளையாட்டுக்கு எதிராளி கிடைக்காவிடின் அதன் பயன்மதிப்பே அற்றுப்போகும். எனவே அவ்வறிவித்தல்கள் வாசகருக்கான வசதியாக மட்டுமன்றி, பண்டத்தின் விற்பனைக்கான முன்நிபந்தனையாகவும் அமைந்தன. இத்தகைய நிறுவன ஏடு தன்னளவில் இலாபம் ஈட்டவேண்டியதில்லை. அதன் செலவைப் பண்ட விற்பனை ஈடுசெய்யும்.

சுயேச்சையான சஞ்சிகையின் நிலை வேறானது. ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்க விமானப்படையினரான கிறிஸ் வாக்னர் 1967இல் ‘ஸ்ட்ரட்டஜி அன்ட் டக்டிக்ஸ்’ என்னும் ஏட்டை ஆரம்பித்தார். ஆர்வமும் அறிவும் அதற்கு இருந்தன. விற்பதற்கு வேறு பண்டம் இருக்கவில்லை. 1969 அளவில் அது பண நெருக்கடிக்குள்ளாகி, ஒரு டொலருக்கு ஜேம்ஸ் டனிகனிடம் கைமாறியது. ஆர்வத்தினால் மட்டும் ஓர் ஏடு நீடித்து நிலைக்க இயலாது என்பதற்கு இவ்விலையே போதிய சான்றாகும்.

நியூயோர்க்கில் டனிகனும் வரைகலை வடிவமைப்பாளரான றெட்மண்ட் சைமன்சனும் உருவாக்கிய நிறுவனம் பின்னர் எஸ்.பி.ஐ. என அறியப்பட்டது. சஞ்சிகையின் 18ஆவது இதழ் முதல் முழுமையான விளையாட்டொன்று இதழுடன் இணைக்கப்பட்டது. இம்மாற்றத்தின் பொருளாதாரத் தர்க்கம் மனங்கொள்ளத்தக்கது. விளையாட்டின் வடிவமைப்பு, வரைபடத் தயாரிப்பு, காய்களை வெட்டுவதற்கான அச்சு ஆகியவற்றின் செலவு, 1,000 பிரதிகளாயினும் 10,000 பிரதிகளாயினும் பெரிதும் மாறுவதில்லை. சந்தாதாரரின் தொகை முற்கூட்டியே தெரியுமாதலின் அச்செலவைப் பங்கிடுவது எளிதாயிற்று. அதே விளையாட்டு பின்னர் பெட்டியில் இடப்பட்டுத் தனியாகவும் விற்கப்பட்டது. தபால்மூல விற்பனையினால், விநியோகத்தரும் கடைக்காரரும் பெறும் கழிவும் மிஞ்சியது. 1970களில் இவ்வேட்டின் விநியோகம் 30,000 பிரதிகளைத் தாண்டிற்று.

மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகத்தில் மூலதனத்தின் சுழற்சியை விரிவாக ஆராய்கின்றார். சாதாரண உற்பத்தியில் முதலாளி பணத்தை முன்னிட்டுப் பண்டத்தை உற்பத்தி செய்கின்றார். நுகர்வோரின் பணம் இறுதியிலேயே வந்து சேர்கின்றது. சந்தா முறையில் இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. நுகர்வோரே, வட்டியின்றியும் ஈடின்றியும், முதலை முன்னிடுகின்றனர். இதற்கு மேலாக, எஸ்.பி.ஐ. வாசகர்கள் இதழுடன் வந்த அட்டைகளில், உத்தேச விளையாட்டுக்களுக்கு 1 முதல் 9 வரை புள்ளியிட்டு அனுப்பினர். எதனை உற்பத்தி செய்வது என்ற தீர்மானத்துக்கு அப்புள்ளிகள் வழிகாட்டின. வெள்ளிக்கிழமை மாலைகளில் நிறுவனத்துக்கு வந்த ஆர்வலர்கள் புதிய விளையாட்டுக்களை ஊதியமின்றி ஆடிச் சோதித்தனர். இவ்வாறு முதலும் சந்தை ஆய்வும் உழைப்பின் ஒரு பகுதியும் வாசகரிடமிருந்தே பெறப்பட்டன. இதனை வெறும் ஏமாற்றெனக் கொள்வது பொருந்தாது. வாசகர் தாம் விரும்பிய விளையாட்டுக்களைப் பெற்றனர். உற்பத்தியில் தமது குரல் ஒலிப்பதையும் கண்டனர். ஆயினும் அவர்களிடம் கருத்துரிமை இருந்ததேயன்றி உடைமையுரிமை இருக்கவில்லை.

இம்முறையினுள் ஒரு முரண்பாடும் பொதிந்திருந்தது. ஆண்டுக்கு ஆறு இதழ்களுக்கெனப் பெறப்பட்ட பணத்தில், முதல் இதழ் அனுப்பப்பட்டதும் ஆறில் ஒரு பங்கே வருமானமாகின்றது. எஞ்சிய ஐந்து பங்கும் கடனே. அக்கடனைப் பணமாகவன்றி இதழாகவே திருப்பவேண்டும். 1970களின் பணவீக்கத்தில், நேற்றைய விலைக்கு வாங்கிய சந்தாவுக்கு நாளைய செலவில் இதழ் தயாரிக்க நேர்ந்தது. ஆயுட்சந்தாவோ, ஒருமுறை பெற்ற தொகைக்கு முடிவற்ற கடப்பாட்டை ஏற்பதாகும். புதிய சந்தாக்கள் பெருகும்வரை இப்பற்றாக்குறை மறைந்திருக்கும். வளர்ச்சி தளர்ந்ததும் வெளிப்படும்.

1980இல் டனிகன் விலகினார். 1982இல், நெருக்கடிக்குள்ளான எஸ்.பி.ஐ., ரி.எஸ்.ஆர். நிறுவனத்திடம் தன் சொத்துக்களை ஈடுவைத்துக் கடன் பெற்றது. ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டினால் வளம்பெற்றிருந்த ரி.எஸ்.ஆர்., 1976 முதல் ‘டிராகன்’ என்னும் தன் ஏட்டையும் நடத்திவந்தது. விரைவிலேயே அது கடனைத் திருப்பிக் கேட்டு, எஸ்.பி.ஐ.யின் சொத்துக்களைக் கையேற்றது. தான் பெற்றது சொத்துக்களையேயன்றிக் கடப்பாடுகளையல்ல என்பது அதன் நிலைப்பாடாயிற்று. அதன்படி, ஆயுட்சந்தா உட்பட, முன்னர் செலுத்தப்பட்ட சந்தாக்கள் மதிக்கப்படவில்லை. சஞ்சிகையின் பெயரும் வரைபடங்களும் விளையாட்டுக்களும் சொத்தாகக் கணிக்கப்பட்டன. அவற்றை உருவாக்குவதற்கு முதலிட்ட வாசகரோ கைவிடத்தக்க கடப்பாடாகக் கணிக்கப்பட்டனர்.

ஏட்டின் பெயர் அழிந்துவிடவில்லை; பின்னரும் கைமாறி, 1991இல் டிசிஷன் கேம்ஸ் நிறுவனத்தைச் சென்றடைந்தது. ஆனால் பெயரின் தொடர்ச்சி உறவின் தொடர்ச்சியாகாது. வாசகரின் முற்பணத்தில் இயங்கும் ஏடு எதுவாயினும், அது அவர்களை முதலீட்டாளராகப் பயன்படுத்திக்கொண்டு நுகர்வோராக மட்டுமே நடத்தும்வரை, நெருக்கடி வேளையில் நட்டம் அவர்களையே சேரும். வாசகரின் முதலுக்கு உடைமையிலும் பங்கு வழங்கும் கூட்டுறவு அமைப்பே இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கான முதற்படியாகும். சஞ்சிகை தொடங்க முனைவோர் எத்தனை சந்தா திரட்டலாம் என்று கணக்கிடுமுன், திரட்டிய சந்தா யாருடைய பணம் என்ற வினாவைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியமாகும்.