படகில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

கற்றல் பயணமாக மாணவர்களைச் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தொங்கான் எனப்படும் சரக்குப் படகுகளைப் பற்றியும் அவற்றிலேயே உண்டு உறங்கிய தொழிலாளர்களைப் பற்றியும் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், அவர்கள் கழிவறைக்கு எங்கே போவார்கள்?"

மற்றவர்கள் சிரித்தனர். எனக்கோ அது நல்ல வரலாற்றுக் கேள்வியாகப் பட்டது.

பாய்மரக் கப்பல்களில் இதற்கு விடை கடல்தான். காற்று பெரும்பாலும் பின்புறமிருந்து வீசும். எனவே முகப்பில் அமர்ந்தால் நாற்றம் கப்பலுக்குள் வராது, அலையே கழுவிவிடும். 'தலை' என்று பொருள்படும் 'ஹெட்' என்ற ஆங்கிலச் சொல் கப்பல் கழிவறைக்குப் பெயராக நிலைத்தது இதனால்தான்.

கழிவறை கப்பலுக்குள் வந்தபோது வேறோர் ஆபத்தும் உடன் வந்தது. கழிவு வெளியேற, நீர்மட்டத்திற்குக் கீழே ஒரு துளை வேண்டும். அதன் வால்வைத் தவறாகத் திறந்தால் கடல் உள்ளே வரும். 1945 ஏப்ரல் 14-இல், ஸ்காட்லாந்து கரையருகே யூ-1206 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கியில் இதுவே நடந்தது. புகுந்த கடல்நீர் மின்கலங்களை அடைந்ததும் குளோரின் நச்சுவாயு எழுந்தது. மேலே வந்த கப்பலை விமானம் தாக்கவே, மாலுமிகள் அதைக் கைவிட நேர்ந்தது.

ஆனால் ஓடும் கப்பலுக்குப் பொருந்துவது ஓரிடத்தில் நிற்கும் படகுக்குப் பொருந்தாது. 2003-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கப்பல் கழிவுநீர் விதிகளும், தொட்டியில் தேக்கிய, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, சிறிது சிறிதாகவே வெளியேற்றச் சொல்கின்றன. படகையே வீடாகக் கொண்டவர் இன்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். தேக்கத் தொட்டி வசதியானது. ஆயினும் அதை உறிஞ்சியெடுக்கும் நிலையம் அருகில் இருக்க வேண்டும். கையால் தூக்கிச் சென்று கொட்டும் பெட்டி மலிவு, முதுகுதான் வலிக்கும். சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தை நார்த்தூளிட்டு உலர்த்துவது மூன்றாவது வகை. (நம் தேங்காய் நார்த்தூள் மேல்நாட்டுப் படகுகளிலும் பயன்படுகிறது!) என்னைக் கேட்டால், கரையில் என்ன வசதி உண்டென்று பார்த்த பிறகே கழிவறையை வாங்க வேண்டும்.

சிங்கப்பூர் ஆற்றில் அந்தக் கரைவசதிதான் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்குப் படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் நம் சூலியர்கள். பின்னர் அது சீனர் கைக்கு மாறியது. யார் ஓட்டினாலும், நின்ற படகின் கழிவுக்கு ஆறே இடமாயிற்று. ஓதத்தால் ஏறி இறங்கும் ஆறு அது. போனது திரும்பி வரும்.

1977-இல் பிரதமர் லீ குவான் யூ, ஆற்றைப் பத்தாண்டுகளில் தூய்மையாக்கப் பணித்தார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், தெருவோரக் கடைகள், கழிவுக்குழாய் இணைப்பில்லாத வீடுகள் எனப் பலவும் ஆற்றைக் கெடுத்திருந்தன. படகோட்டிகளை மட்டும் பழிப்பது நியாயமன்று. ஆயினும் 1983-இல் ஏறத்தாழ 800 படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. கரையில் வாளிக் கழிப்பிடங்கள் முற்றாக ஒழிந்ததோ 1987-இல்தான். வீடுகளுக்குக் குழாய் வந்தது. படகுக்காரர்களுக்கு இடமாற்றமே கிடைத்தது.

2010 முதல் அந்த ஆறு மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி; நம் குடிநீருக்கும் அது மூலம். இதைச் சொன்னதும் மாணவர்கள் தத்தம் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தனர்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் எவரேனும் ஆற்றங்கரையில் வேலை செய்தவராயின், அம்மாணவனின் கேள்வியை அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுகிறேன்.