காரைக்குடி: மக்கள்தொகையும் நிர்வாக நிலையும்

காரைக்குடி, தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஒரு மாநகராட்சி. மாவட்டத்திலேயே பெரிய ஊர். ஆனால் மாவட்டத் தலைநகர் அன்று. செட்டிநாட்டின் வணிக மையமான இவ்வூருக்கு 1928-இல் நகராட்சித் தகுதி கிடைத்தது. 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல் ஆகியவற்றுடன் மாநகராட்சியாக உயர்ந்தது. அத்துடன் தமிழ்நாட்டு மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆனது.

2001-இல் 86 ஆயிரத்தைத் தாண்டியிருந்த நகராட்சியின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் 1,06,714 ஆக இருந்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அரசு ஆவணங்களில் இன்றும் புழங்குவது இந்த எண்தான். ஆனால் ஊரின் உண்மையான அளவை இது காட்டுவதில்லை. பழைய நகராட்சியின் பரப்பு 14 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த எல்லை நிரம்பியபின் வீடுகள் சங்கராபுரம், கோட்டையூர் பக்கமாகப் பரவின. அங்கே குடியிருப்பவர்களும் தங்களைக் காரைக்குடிக்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள்; வீட்டுவரியை மட்டும் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ கட்டினார்கள். சுற்றுப் பகுதிகளையும் சேர்த்து நகரத் திரளாகக் கணக்கிட்டபோது, அதே 2011-இல் மக்கள்தொகை ஏறத்தாழ 1.8 லட்சம்.

எண்ணிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின், தேக்குத் தூண்களும் அடுக்கடுக்கான முற்றங்களும் கொண்ட வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல்கடந்து வட்டித்தொழில் செய்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு, கோயில் திருவிழா என்றால் வந்து கதவு திறக்கிறார்கள். கணக்கெடுப்பு ஒருவரை அவர் வசிக்கும் இடத்தில்தான் எண்ணும். எனவே தெருக்களின் நீளத்தைப் பார்த்து இவ்வூரின் மக்கள்தொகையை ஊகிப்பவர் ஏமாந்துபோவார். மறுபுறம், தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் தொடங்கிவைத்த கல்லூரிகளும், 1985-இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகமும், அவர் தந்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் வெளியூர் மாணவர்களையும் ஊழியர்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தன. இன்றைய நகரை வளர்த்ததில் வணிகத்தைவிடக் கல்விக்குப் பங்கு அதிகம் என்று சொன்னால் தவறில்லை.

மாநகராட்சி ஆவதற்குச் சட்டம் வைத்திருந்த மக்கள்தொகை, வருவாய் வரம்புகள் இந்த அளவு ஊருக்கு எட்டாதவை. 2024-இல் சட்டப்பேரவை அவற்றைத் தளர்த்தியது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் உள்ளிட்ட ஊராட்சிகளையும் இணைத்து மாநகராட்சியை அமைக்கத் திட்டமிடப்பட்டது. நகரத் திரள் என்று கணக்கெடுப்பு முன்பே கண்டதை நிர்வாகம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டதாகவே இதைப் பார்க்கலாம். ஊராட்சிக்காரர்களின் கணக்கு வேறாக இருந்தது: மாநகராட்சியோடு சேர்ந்தால் சொத்துவரி ஏறும், கிராமங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த நூறு நாள் வேலை நின்றுபோகும். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

நகரத் தலைவர் மேயர் ஆனார். வருவாய்த் துறை நிர்வாகத்தில் மட்டும் காரைக்குடியின் நிலை மாறவில்லை. இதற்கு வேர் பழைய வரலாற்றில் இருக்கிறது. 1910-இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் காரைக்குடி முன்பு இருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமே நெடுங்காலம் மதுரையில் இயங்கியது. 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, சமஸ்தானத் தலைநகராக இருந்த சிவகங்கை புதிய மாவட்டத்தின் தலைநகரானது. 2011-இல் அந்நகரின் மக்கள்தொகை 40 ஆயிரத்தை ஒட்டியே இருந்தது. மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கக் காரைக்குடிவாசி சுமார் 45 கிலோமீட்டர் போக வேண்டும். காரைக்குடி ஒரு வட்டத்தின் தலைமையிடம் என்பதோடு சரி. அந்த வட்டம் அடங்கும் வருவாய்க் கோட்டத்தின் அலுவலகம்கூட, மக்கள்தொகையில் காரைக்குடியில் பாதியளவே உள்ள தேவகோட்டையில்தான் இருக்கிறது.