டெர்ராஃபார்ம் புரொவைடர்

டெர்ராஃபார்ம் மென்பொருளையும் கிளவுட் சேவை, தரவுத்தளம், டிஎன்எஸ் போன்ற வெளி அமைப்புகளையும் இணைக்கும் செருகுநிரலே டெர்ராஃபார்ம் புரொவைடர். சர்வர், நெட்வொர்க், சேமிப்பிடம் ஆகியவற்றைக் கையால் அமைக்காமல், வேண்டியதைக் கோப்பில் எழுதிவைத்து அதன்படி உருவாக்க உதவும் கருவி டெர்ராஃபார்ம். ஆனால் அமேசானில் சர்வரை எப்படிக் கேட்பது, கிட்ஹப்பில் களஞ்சியத்தை எப்படித் திறப்பது என்பதெல்லாம் அதன் மையநிரலுக்குத் தெரியாது. எது எதைச் சார்ந்தது, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்துவதோடு மையநிரலின் வேலை முடிகிறது. உரிய ஏபிஐயை அழைத்துக் காரியத்தை நடத்துவது புரொவைடர்தான்.

மிட்செல் ஹாஷிமோட்டோவும் ஆர்மன் தாட்கரும் 2012இல் தொடங்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2014 ஜூலையில் டெர்ராஃபார்மை வெளியிட்டது. தொடக்கத்தில் புரொவைடர்கள் எல்லாம் மையநிரலோடு ஒரே தொகுப்பாகவே வந்தன. எந்தப் புரொவைடரில் சிறு பிழையைத் திருத்தினாலும், அது பயனர் கைக்கு வர டெர்ராஃபார்மின் அடுத்த பதிப்பு வரவேண்டியிருந்தது. 2017இல் வந்த 0.10 பதிப்பு அவற்றைத் தனியே பிரித்தது. 2020இல் வந்த 0.13 பதிப்பு, வெளியார் எழுதிய புரொவைடரையும் பொதுப் பதிவகத்திலிருந்து தானாகவே இறக்கிக்கொள்ள வழிசெய்தது. டெர்ராஃபார்ம் இவ்வளவு பரவியதற்கு அதன் மொழியைவிட இந்த இரு முடிவுகளே பெரிய காரணம் என்று சொல்லலாம்.

புரொவைடர் ஒரு தனி நிரல். டெர்ராஃபார்ம் அதைப் பயனரின் கணினியிலேயே தனிச் செயல்முறையாகத் தொடக்கி, ஜிஆர்பிசி என்னும் தொலை அழைப்பு முறை வழியாக அதனுடன் பேசுகிறது. யாராவது அதை நேரடியாக இயக்கினால், தான் ஒரு செருகுநிரல் என்ற செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

பயன்படுத்துபவர் தன் கோப்பில் புரொவைடரின் பெயரையும் ஏற்கத்தக்க பதிப்பு எல்லையையும் குறிப்பிட்டு, இனிட் கட்டளையை இயக்க வேண்டும். புரொவைடர் இறங்குவதோடு, எந்தப் பதிப்பு, அதன் சரிபார்ப்பு எண் என்ன என்பவை ஒரு பூட்டுக் கோப்பில் பதிவாகும். 0.14 பதிப்பில் வந்த இக்கோப்பைப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டில் சேர்த்துவைப்பது அவசியம். பதிப்பு எல்லையை அலட்சியமாக விடக்கூடாது என்பதற்கு அமேசான் கிளவுடுக்காக 2022இல் வந்த ஏடபிள்யூஎஸ் புரொவைடர் 4.0 நல்ல உதாரணம். எஸ்3 சேமிப்பிடத்தின் பக்கெட் வளத்துக்குள் எழுதிவந்த பல அமைப்புகள் அதில் தனித்தனி வளங்களாகப் பிரிக்கப்பட்டன. பழைய கோப்புகள் பல அப்படியே ஓடவில்லை. பிறகு 4.9 பதிப்பில் பழைய முறைக்கும் இடம் தரப்பட்டது.

புரொவைடர்கள் பெரும்பாலும் கோ மொழியில் எழுதப்படுகின்றன. பழையவை எஸ்டிகே எனும் மேம்பாட்டுத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பை நம்பியிருக்கின்றன. புதிதாக எழுதுவோருக்கு 2022 இறுதியில் 1.0 நிலையை எட்டிய பிளக்இன் ஃபிரேம்வொர்க்கே பரிந்துரைக்கப்படுகிறது. முதல் வேலை ஸ்கீமாவை வரையறுப்பது. எந்தப் பண்பைப் பயனர் கட்டாயம் தர வேண்டும், எதைச் சேவையே நிரப்பும், எதை மாற்றினால் பழையதை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். அந்தக் கடைசிக் குறியைத் தேவையில்லாத பண்புக்கு இட்டுவிட்டால், சாதாரணத் திருத்தம்கூட ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை அழிக்கும் திட்டமாகிவிடும்.

அடுத்து ஒவ்வொரு வளத்துக்கும் உருவாக்கு, வாசி, புதுப்பி, நீக்கு என்னும் செயல்கள். புதியவர்கள் உருவாக்குவதில்தான் கவனம் வைப்பார்கள். ஆனால் புரொவைடரின் தரத்தைத் தீர்மானிப்பது வாசிக்கும் செயல். ஒருவர் பிரவுசரில் நுழைந்து ஒரு சர்வரை அழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஏபிஐ 404 என்று சொன்னால், வாசிக்கும் செயல் டெர்ராஃபார்ம் தன் வளங்களைப் பதிந்துவைக்கும் ஸ்டேட் கோப்பிலிருந்து அந்த வளத்தை நீக்க வேண்டும். அப்போதுதான் செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே காட்டும் அடுத்த பிளானில் அதை மீண்டும் உருவாக்கும் யோசனை வரும். 500 பிழையையோ நெட்வொர்க் கோளாறையோ இதேபோல நடத்தினால், இருக்கும் சர்வரோடு இன்னொன்று முளைக்கும். பயனர் பெரிய எழுத்தில் தந்த பெயரை ஏபிஐ சிறிய எழுத்தில் திருப்பித் தந்தால், எதுவுமே மாறாதபோதும் ஒவ்வொரு பிளானிலும் மாற்றம் இருப்பதாகத் தோன்றும். உருவாக்கும் செயலிலும் ஒரு கண்ணி உண்டு. பொருள் உருவாகி, அது தயாராகும் வரை காத்திருக்கையில் நேரம் கடந்துவிட்டால், அடையாள எண்ணை முன்பே ஸ்டேட்டில் எழுதியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் யார் கணக்கிலும் வராத சர்வருக்குக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

பிளானில் காட்டிய மதிப்பும், அதை நிறைவேற்றும் அப்ளைக்குப் பின் கிடைத்த மதிப்பும் ஒத்திருக்க வேண்டும் என்பது செருகுநிரல் நெறிமுறையின் அடிப்படை விதி. பழைய எஸ்டிகே கொண்டு எழுதியவற்றின் மீறல்கள் பல எச்சரிக்கைப் பதிவோடு பொறுத்துக்கொள்ளப்பட்டன. ஃபிரேம்வொர்க்கில் அது பிழையாகவே முடியும். எழுதுபவருக்கு இது தொல்லைதான், ஆனாலும் சரியான கண்டிப்பு. பிளானைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் சம்மதம் தருகிறார். அதை நம்ப முடியாவிட்டால் கருவியே வீண்.

புரொவைடரை உருவாக்கும் காலத்தில், டெர்ராஃபார்மின் அமைப்புக் கோப்பில் ஒரு மாற்றுப் பாதையைத் தந்து உள்ளூர் நிரலையே இயக்கிப் பார்க்கலாம். ஏற்புச் சோதனைகள் உண்மையான கணக்கில் உண்மையான வளங்களை உருவாக்கி அழிப்பவை, செலவு வைப்பவை. அதனால் அதற்கென உள்ள சூழல் மாறியை அமைத்தால்தான் அவை ஓடும். பொதுப் பதிவகத்தில் வெளியிட, கிட்ஹப்பில் பொதுக் களஞ்சியமும் ஜிபிஜி கையொப்பமிட்ட சரிபார்ப்புப் பட்டியலும் வேண்டும்.

ரகசியங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு பண்பை ரகசியம் என்று ஸ்கீமாவில் குறித்தால் அது திரையில் மறைக்கப்படும், அவ்வளவே. ஸ்டேட் கோப்பில் கடவுச்சொல் வெளிப்படையாகவே கிடக்கும். ஸ்டேட்டில் சேராத தற்காலிக மதிப்புகள் டெர்ராஃபார்ம் 1.10 பதிப்பிலும், எழுத மட்டுமே முடிகிற பண்புகள் 1.11 பதிப்பிலும் வந்தன. புரொவைடரும் அவற்றை ஆதரித்தால்தான் பயன்.

2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெர்ராஃபார்மின் உரிமத்தைத் திறமூல உரிமமான எம்பிஎல் 2.0இலிருந்து பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. அதை ஏற்காதவர்கள் டெர்ராஃபார்ம் நிரலிலிருந்து பிரித்தெடுத்த ஓப்பன்டோஃபு லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்து, 2024 ஜனவரியில் 1.6 பதிப்பை வெளியிட்டது. ஏடபிள்யூஎஸ் உள்ளிட்ட ஹாஷிகார்ப் புரொவைடர்கள் எம்பிஎல் உரிமத்திலேயே தொடர்கின்றன. ஓப்பன்டோஃபு தனக்கென வேறு பதிவகம் வைத்திருந்தாலும், செருகுநிரல் நெறிமுறை ஒன்றே என்பதால் ஒருமுறை எழுதிய புரொவைடர் இரண்டிலும் ஓடுகிறது.