வெண்விளிம்பும் மூலமாதிரியும்: ஹோஸ்டா இலைகளில் ஒரு பெயரிடுதல் வரலாறு

தாவரவியலில் ஒரு சிற்றினத்தின் பெயர் ஒரு மூலமாதிரியோடு பிணைக்கப்படுகிறது. அம்மாதிரி, இயற்கையில் பெரும்பான்மையாகக் காணப்படும் வடிவமாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் எது கண்ணில் பட்டு விவரிக்கப்பட்டதோ அதுவே அளவுகோலாகிவிடும். இதன் விளைவை ஹோஸ்டா என்னும் நிழற்செடியின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

ஹோஸ்டா கிழக்காசியாவுக்கு, குறிப்பாக ஜப்பானுக்கு, உரியது. அகன்ற இலைகள் அடியிலிருந்து கொத்தாக எழும். குளிர்காலத்தில் அவை முழுவதும் மடிந்து, வேனிலின் தொடக்கத்தில் மீண்டும் துளிர்க்கும். இந்தக் குளிருறக்கம் இன்றியமையாதது என்பதால் நம் சமவெளிகளில் அது நிலைப்பதில்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களிலோ மரநிழல் என்றாலே ஹோஸ்டாதான். பூவைவிட இலைக்காகவே வளர்க்கிறார்கள். அதிலும் வெண்மையோ மஞ்சளோ கலந்த இருநிற இலைக்கு மதிப்பு மிகுதி.

ஜப்பானியர் இச்செடியைக் கிபோஷி என்பர். பாலங்களின் கைப்பிடித் தூண்களின் உச்சியில் வெங்காய வடிவில் அமைந்த குமிழுக்கும் அதே பெயர். மொட்டின் தோற்றத்தால் வந்த உவமை அது. எடோ காலத்தில் இருநிற இலைகளைத் தேடித் தொகுப்பது அங்கே ஒரு தனிக்கலையாக வளர்ந்திருந்தது. 1829இல் மிசுனோ என்னும் சாமுராய் வகுப்பினர், இருநிற இலைத் தாவரங்களுக்கென்றே ‘சோமோகு கின்யோஷு’ என்னும் ஏழு தொகுதிப் படநூலை வெளியிட்டார். இலையின் ஓரத்தைச் சுற்றி நிறம் ஓடினால் ஃபுகுரின், நடுவில் நிறம் நின்றால் நகாஃபு, மணல் தூவியதுபோல் புள்ளியிட்டால் சுனகோ என்று தோட்டக்காரர்களிடம் நுண்ணிய சொற்கள் இருந்தன. இருநிறம் என்பது எந்தச் செடியிலும் தோன்றக்கூடிய ஒரு நிலை. செடி வேறு, அதன் இலைக்கோலம் வேறு என்ற தெளிவு இச்சொற்களில் பொதிந்திருக்கிறது.

ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்கு இச்செடி சென்ற வழி குறுகலானது. நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவில் ஒதுக்கிவைக்கப்பட்ட டச்சு வணிகர் குடியிருப்பே அந்த வழி. அங்குப் பணியாற்றிய கேம்ப்பர் 1712இல் வெளியிட்ட நூலில் கிபோஷியைக் குறிப்பிட்டார். 1775இல் வந்த துன்பெர்க் அதனை ஹெமரோகாலிஸ் பேரினத்தில் சேர்த்தார். 1823இல் வந்த மருத்துவர் சீபோல்ட், வரைபடங்கள் வைத்திருந்த குற்றத்திற்காக நாடுகடத்தப்பட்டுத் திரும்பியபோது உயிர்ச்செடிகளைக் கொண்டுசென்றார். பேரினப் பெயரிலும் குழப்பம்: 1812இல் டிராட்டினிக், ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹோஸ்ட் நினைவாக ஹோஸ்டா என்றார், 1817இல் ஸ்பிரெங்கல், ஃபுங்க் நினைவாக ஃபுங்கியா என்றார். 1905ஆம் ஆண்டு வியன்னா மாநாடு ஹோஸ்டாவை நிலைநிறுத்தியது. இத்தனை பெயர்மாற்றங்களுக்கு நடுவே கிபோஷி என்ற சொல்லுக்குப் பேரினப் பெயராக இடம் கிடைக்கவில்லை.

தெஜிமாவில் அடைபட்டிருந்தவர்களுக்கு மலைக்காடுகளில் உலவ உரிமை இல்லை. ஆகவே அவர்கள் கையில் கிடைத்தவற்றுள் பல, தோட்டக்காரர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த செடிகள். 1838இல் இங்கிலாந்தில் ஹூக்கரும் பாக்ஸ்டனும் தனித்தனியே ஒரு சிறிய ஹோஸ்டாவை விவரித்தனர். முன்னவர் அதன் வெண்விளிம்பைப் பெயராக்கினார். பின்னவர் சீபோல்டின் பெயரைச் சூட்டினார். இன்று அதுவே ஹோஸ்டா சீபோல்டி. அச்சிற்றினத்தின் காட்டுச்செடியோ முழுப்பச்சை. ஆனால் வெண்விளிம்புச்செடியே மூலமாதிரி ஆகிவிட்டதால், ஜப்பானிய நிலங்களில் இயல்பாக வளரும் பச்சைச்செடி, அதன் கீழ் ஒரு ‘வடிவம்’ என்றே வகைப்படுத்தப்பட்டது. பிறழ்வு இயல்பாகவும், இயல்பு பிறழ்வாகவும் ஏட்டில் இடம்மாறின.

உண்டுலாட்டாவின் கதை இன்னும் சுவையானது. நடுவில் வெண்மையும் ஓரத்தில் பச்சையும் கொண்ட இச்செடி 1833இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது. நிழற்பாத்தியில் சில ஆண்டுகள் விட்டுவைத்தால் அதன் வெண்பகுதி குறுகி ஒற்றைக் கோடாகும், பிறகு முழுப்பச்சையாகும். கோட்டுநிலைக்கு யுனிவிட்டாட்டா என்றும், பச்சைநிலைக்கு எரோமெனா என்றும் பெயர்கள் உண்டு. எரோமெனாவை 1930களின் தொடக்கத்தில் ஸ்டெர்ன் தனிச் சிற்றினமாகவே அறிவித்தார். ஒரே செடியின் மூன்று பருவங்களுக்கு மூன்று பெயர்கள்! 1991இல் ஷ்மிட் எழுதிய பெருநூல், உண்டுலாட்டா உள்ளிட்ட பல ‘சிற்றினங்களை’த் தோட்டவகைகள் என்று இறக்கிவைத்தது. காட்டில் அவற்றுக்கு இருப்பு இல்லை.

இம்மாற்றத்தின் காரணத்தை 1909இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் விளக்கின. வெண்விளிம்பு பெலர்கோனியத்தை ஆராய்ந்த பவுர், வளர்நுனியில் மரபியல்பு வேறுபட்ட திசுப்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதைக் காட்டினார். அந்திமந்தாரையை ஆராய்ந்த கொரென்ஸ், இலைநிறம் தாய்வழியே மட்டும் கடத்தப்படுவதைக் கண்டார். இருநிற ஹோஸ்டாவும் இத்தகைய படலக் கூட்டே. வெண்திசுவில் பச்சையம் இல்லாததால் அதற்குப் பச்சைத்திசுவே உணவளிக்கிறது. முழுப்பச்சைக் கிளைப்பு தோன்றினால் அது விரைந்து வளர்ந்து மற்றதை நெருக்கிவிடும். அதனாலேயே தோட்டக்காரர் அதனை வேரடியோடு பிரித்தெடுக்கிறார். விதை, கோலத்தைக் காப்பதில்லை என்பதால் தூரைப் பிளந்தே பெருக்குகிறார். இருநிற ஹோஸ்டா நிலைத்திருப்பது மனிதக் கையின் இடையறாத தேர்வினால்தான்.

அத்தேர்வு தவறவும் கூடும். 1996இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் அடையாளம் காணப்பட்டது. அதன் தொற்றால் இலையில் விழுந்த திட்டுகளைப் புதிய அழகு எனக் கருதி, பிரேக்த்ரூ, லெப்பர்ட் ஃபிராக் போன்ற பெயர்களில் சந்தைக்கு அனுப்பியிருந்தனர். தூர் பிளக்கும் கத்தியில் ஒட்டிய சாறே நோயைப் பரப்பியது. வேறுபாட்டை அறிய ஒரு வழி உண்டு: மரபுவழிக் கோலம் இலையின் நீளவாட்டில், தெளிவான எல்லையோடு ஓடும், வைரஸின் நிறமோ உறிஞ்சுதாளில் மை பரவுவதுபோல் நரம்போரமாகக் கசியும், இலைப்பரப்பும் சுருங்கித் தடிக்கும். பெயரும் விலையும் பெற்றுவிட்ட நோயைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது எளிதாக இருக்கவில்லை.

வரலாற்று மாணவர்களுக்கு இதில் ஒரு முறையியல் பாடம் இருப்பதாகக் கருதுகிறேன். ஆவணத்தில் முதலில் வருவது, நிகழ்விலும் முதலாவது என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். 1838ஆம் ஆண்டு விவரணம் மூல ஆவணம்தான். ஆயினும் அது தொடக்கம் ஆகாது. அதற்குமுன் பெயரறியாத தோட்டக்காரர்களின் தேர்வு நிகழ்ந்திருக்கிறது. அந்த உழைப்பை, ‘சிற்றினம்’ என்ற சொல் இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டது.

இது ஜப்பானோடு முடியும் செய்தியும் அன்று. நம் வீட்டு வாயில்களில் நிற்கும் குரோட்டனுக்கு 1753இல் லின்னேயஸ் சூட்டிய சிற்றினப் பெயரே ‘பல்நிறமுடையது’ என்று பொருள்படும். அதன் காட்டுவடிவமோ பச்சை இலையினது. நம் நிலப்பரப்பின் தாவரப் பெயர்களுள் எவையெவை காட்டைக் கண்டு எழுதப்பட்டவை, எவையெவை எவருடைய தோட்டத்தையோ கண்டு எழுதப்பட்டவை? இந்திய அறிவியல் வரலாற்றில் ஈடுபடும் ஆய்வு மாணவர் எவரேனும் இவ்வினாவை எடுத்துக்கொள்ளலாம். கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் பதிவுகளிலிருந்தே தொடங்கலாம்.